அபாகஸ் கிளாஸ்: சேர்த்தவங்க, நிறுத்தினவங்க, சொல்லிக்கொடுத்தவங்க பேசலாம்

ஐந்தரை வயது மகளின் அம்மா:
பொண்ணு அடுத்து ஒண்ணாம் வகுப்பு போறா. பள்ளிக்கூடத்துலேயே அபாகஸ், அதான் மணிச்சட்டம் வச்சுக் கணக்குப் போடுற கிளாஸுக்கு நோட்டீஸ் கொடுத்து விட்டாங்க. டெமோ கிளாஸுக்குப் போனோம். ஒரு பையனை முன்னால நிறுத்தி வரிசையா எண்களைச் சொன்னாங்க. அவன் கண்ணை மூடி, விரலை ஆட்டி, டக்குனு விடை சொல்லிட்டான். எல்லாரும் கை தட்டினோம். தட்டி முடிக்கிறதுக்குள்ள ஃபார்ம் கைக்கு வந்துடுச்சு, இன்னைக்கே சேர்ந்தா சலுகையாம். யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன். என் பொண்ணு இருபதைத் தாண்டினா இன்னும் தடுமாறுவா. அனுபவப்பட்டவங்க சொல்லுங்களேன்.

மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா:
எங்க பையனையும் இதே வயசுலதான் சேர்த்தோம். முதல் பாடங்கள் விளையாட்டு மாதிரி போச்சு: ஒண்ணை ஏத்து, ரெண்டை ஏத்து, மேல் மணியை இறக்கு. ஸ்மால் ஃப்ரெண்ட், அதாவது அஞ்சுக்குத் துணை எண், வந்ததும் வண்டி நின்னுடுச்சு. 3 வச்சுட்டு 4 கூட்டணும். கம்பியில கீழே இருக்கிறதே நாலு மணி, ஒவ்வொண்ணும் ஒண்ணு, அதுல மூணை ஏற்கெனவே ஏத்தியாச்சு. அதனால அஞ்சுக்குச் சமமான மேல் மணியை இறக்கி, கீழே ஒண்ணைக் குறைக்கணும். “நாலைக் கூட்டச் சொல்லிட்டு எதுக்கும்மா ஒண்ணைக் கழிக்கச் சொல்றாங்க?”ன்னு கேட்டான். நியாயமான கேள்விதானே! ஆனா கிளாஸ்ல அதுக்குப் பதில் கிடைக்கல, சூத்திரத்தை மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க. தூக்கத்துலகூட “பிளஸ் ஃபோர், பிளஸ் ஃபைவ் மைனஸ் ஒன்”னு முணுமுணுப்பான், மணியை நகர்த்தச் சொன்னா முழிப்பான்.

கொஞ்ச நாள் நிறுத்திட்டு, இரண்டாம் வகுப்புல வேற இடத்துல சேர்த்தோம். அதுக்குள்ள ஐந்துல ஒண்ணு போனா நாலுங்கிறது அவனுக்குத் தானாவே பிடிபட்டிருந்தது. அதே பாடம், அழுகையே இல்லாம தாண்டிட்டான். அதனால வயசைப் பார்க்காதீங்க. “கையில மூணு இருக்கு, அஞ்சு ஆக இன்னும் எத்தனை வேணும்?”னு கேட்டுப் பாருங்க. யோசிக்காம சொல்றாளா, அப்போ சேர்க்கலாம்.

முன்னாள் அபாகஸ் ஆசிரியை:
பல வருஷம் வகுப்பு எடுத்தவள் என்கிற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெமோவில் நிறுத்தப்படுகிற பிள்ளை அந்த மையத்தின் நட்சத்திரம். அவனைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சேர்ந்து சில மாதங்களே ஆன பிள்ளைகள் உட்காரும் சாதாரண வகுப்பைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கதவோரம் நிற்க விட்டாலே போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும்.

முதலில் விரல்களைக் கவனியுங்கள். கீழ் மணியை ஏற்றுவது கட்டைவிரல். அதை இறக்குவதும், மேல் மணியை நகர்த்துவதும் ஆள்காட்டி விரல். பிள்ளைகள் கண்ட விரலால் தள்ளிக்கொண்டிருக்க, ஆசிரியை விடையை மட்டும் டிக் அடித்துக்கொண்டு போனால் அந்த வகுப்பு வேண்டாம். பிற்பாடு மணிச்சட்டத்தை எடுத்துவிட்டு மனதுக்குள் மணி நகர்த்தும்போது, பழகிய விரலசைவுதான் பிள்ளைக்குக் கைகொடுக்கும். கோணலாகப் படிந்துவிட்டால் திருத்துவது பெரும்பாடு.

அடுத்தது ஒரு கள்ளத்தனம். சில பிள்ளைகள் மேசைக்கு அடியில் விரல்விட்டு எண்ணி விடையை எழுதிவிட்டு, நாம் பக்கத்தில் வரும்போது மணியைச் சும்மா நகர்த்துவார்கள். நோட்டில் 23 இருக்கும், சட்டத்தில் 18 நிற்கும்! நல்ல ஆசிரியையின் கண் நோட்டுக்குப் போகுமுன் சட்டத்துக்குப் போகும். நீங்கள் போகும் இடத்தில் இது நடக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே அறையில் நாலைந்து லெவல் பிள்ளைகள், ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பது சகஜம். அது குற்றமில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஆசிரியை எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதுதான் கணக்கு.

கண்ணை மூடிச் செய்கிற கட்டத்துக்கு என்றைக்குத் தாவுகிறார்கள் என்றும் கேளுங்கள். முதலில் சட்டத்தின் படத்தைப் பார்த்துச் செய்து, பிறகு வெறும் மேசையில் விரலசைத்து, ஓரிலக்க எண்கள் இரண்டு மூன்றைச் சேர்ப்பதில் தொடங்கி மெல்லத்தான் ஏற வேண்டும். லெவலுக்கு லெவல் தேர்வுக் கட்டணம் இருப்பதால் அவசரமாகத் தள்ளிவிடும் இடங்களும் உண்டு. “போன தேர்வில் தேறாமல் அதே லெவலைத் திரும்பச் செய்கிற பிள்ளை யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டுப் பாருங்கள். எங்களிடம் எல்லோருமே பாஸ் என்று பெருமையாகச் சொன்னால், நான் அங்கிருந்து கிளம்பிவிடுவேன்.

கடைசியாக உங்களுக்கு ஒன்று. வாரம் ஒரு வகுப்பு போதாது. தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டில் உட்கார வேண்டும். மொத்த வீட்டுப்பாடத்தையும் வகுப்புக்கு முந்தின ராத்திரி முடித்த நோட்டு எனக்குப் பார்த்தவுடன் தெரியும். முதல் பக்கத்தில் கூர்மையாக இருக்கும் பென்சில் கடைசிப் பக்கத்தில் மழுங்கி, எண்கள் கோட்டை விட்டுச் சரிந்து கிடக்கும்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
வலது மூளை, இடது மூளைன்னு நோட்டீஸ்ல போடுறாங்களே, அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். கணக்குப் போடுறதுக்கு மூளையில ஒரு பக்கம் மட்டும் தனியா வேலை பார்க்கிறதில்ல. இதைப் பத்தி உருப்படியான ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. குஜராத்தில் வதோதராவில், ஐந்திலிருந்து ஏழு வயசுல இருந்த பிள்ளைங்களைக் குலுக்கல் முறையில பிரிச்சு, ஒரு பிரிவுக்கு மன அபாகஸ், இன்னொரு பிரிவுக்குக் கூடுதலா வழக்கமான கணக்குப் பயிற்சின்னு 3 வருஷம் கவனிச்சாங்க. 2016-இல் ‘சைல்ட் டெவலப்மென்ட்’ இதழ்ல வந்தது. அபாகஸ் பிள்ளைங்க கூட்டல் கழித்தல் மாதிரி கணக்குகள்ல முந்தினாங்க, அது உண்மை. ஆனா ஞாபகசக்தி, கவனம் மாதிரி பொதுத் திறமைகள் அதனால கூடினதாத் தெரியல. இன்னொண்ணு, பார்த்ததை இடம் மாறாம மனசுல நிறுத்தி வைக்கிற திறமை ஆரம்பத்துலேயே நல்லா இருந்த பிள்ளைங்களுக்குத்தான் அதிகப் பலன்.

ஆக, “கவனம் கூடும், எல்லாப் பாடத்துலயும் முதல் மார்க்”னு சொன்னா ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுடுங்க. அதுக்காக மணிச்சட்டத்தை லேசா நினைக்கவும் வேண்டாம். 1946-இல் டோக்கியோவில், மின்சாரக் கணக்குப்பொறி வச்சிருந்த அமெரிக்க ராணுவ வீரர் ஒருவருக்கும், சொரோபான்ங்கிற ஜப்பானிய மணிச்சட்டம் வச்சிருந்த மட்சுஸாகி என்ற ஜப்பானியருக்கும் போட்டி நடந்தது. 4-1னு சொரோபான் ஜெயிச்சது. பெருக்கல்ல மட்டும்தான் மெஷின் முந்துச்சு. என்ன, மட்சுஸாகி அதுல கைதேர்ந்த மனுஷர், நம்ம வீட்டு வாண்டு இல்ல.

என் மூத்தவ பிடிச்சுப் போய்ப் போறா. சின்னவனுக்குப் பிடிக்கல, அனுப்பல.

தொடக்கப்பள்ளி ஆசிரியை:
பள்ளிக்கூடத்துப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அபாகஸ் இடமிருந்து வலம். நாங்கள் சொல்லிக்கொடுப்பது வலமிருந்து இடம், ஒன்றுகளைக் கூட்டி, “கையில் ஒன்று” என்று பத்துக்குக் கொண்டுபோவது. என் வகுப்பு மாணவி ஒருத்தி 47-உடன் 38-ஐக் கூட்டும்போது 77, 85 என்று முணுமுணுத்து நேராக விடையை எழுதிவிடுவாள். விடை சரி. இனமாற்றத்துக்கு, அதாவது அந்தக் “கையில் ஒன்றை” எழுத, விட்ட கட்டம் மட்டும் காலியாக இருக்கும். நான் கூப்பிட்டு, இரண்டு வழியும் ஒன்றுதான் என்று மணியை வைத்தே காட்டிய பிறகு கட்டத்தையும் நிரப்புகிறாள். எல்லா ஆசிரியர்களும் விட்டுக்கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது, அதனால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இன்னொரு விஷயம், வாக்கியமாகக் கேட்கும் கணக்கு. கூட்ட வேண்டுமா கழிக்க வேண்டுமா என்று தீர்மானிப்பதை மணி கற்றுத்தராது. படு வேகமாகக் கணக்குப் போடும் பிள்ளை, “ரவியிடம் மாலாவைவிட 6 பென்சில் அதிகம்” என்றதும் திணறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சொரோபானின் தாய்வீடான ஜப்பானிலேயே பள்ளிப் பாடத்தில் அது 3, 4-ஆம் வகுப்பில்தான் வருகிறது. ஐந்து வயதில் சேர்க்காவிட்டால் ரயில் போய்விடும் என்று யாரும் பயமுறுத்த வேண்டியதில்லை.

பாதியில் நிறுத்திய அம்மா:
எங்க வீட்டுல நாலாவது லெவலோட நிறுத்திட்டோம். பெருக்கல் ஆரம்பிச்சதும் அவளுக்கு அலுப்பு, எனக்கும் தினம் ஒரு சண்டை. வேகம் போயிடுச்சு, ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா 7-க்கு 3, 6-க்கு 4னு பத்துக்குத் துணை எண்கள் இன்னும் நுனிநாக்குல நிக்குது. கடையில சில்லறையை நமக்கு முன்னாடி எண்ணிடுவா. எனக்கு அது போதும்.

ஆன்லைனில் படிக்கும் பையனின் அப்பா:
ஆன்லைன் வகுப்புன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: கேமரா எங்க இருக்கணும்? முகத்துக்கு நேரா வச்சாப் போதும்னா விட்டுடுங்க. எங்க டீச்சர் முதல் நாளே கேமராவை உயரத்துல சாய்ச்சு வைக்கச் சொல்லி, கையும் சட்டமும் முழுசாத் தெரியுதான்னு பார்த்துட்டுத்தான் பாடத்தை ஆரம்பிச்சாங்க.

ஐந்தரை வயது மகளின் அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு இருக்கு, அஞ்சுக்கு எத்தனை வேணும்னு கேட்டேன். விரலை மடக்கி, நிமிர்த்தி, ரொம்ப நேரம் கழிச்சு “ரெண்டு”ன்னா. அந்த ஃபார்மை எடுத்து வச்சுட்டேன், அடுத்த வருஷம் பார்க்கலாம். அபாகஸ் ஆசிரியை அக்கா, அதுவரைக்கும் வீட்டுல ஒரு சட்டம் வாங்கி விளையாட விடலாமா? எதை வாங்கணும்?

முன்னாள் அபாகஸ் ஆசிரியை:
தாராளமாக விடலாம்மா. வாங்கும்போது ஒரு கம்பிக்கு மேலே 1 மணி, கீழே 4 மணி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மேலே 2, கீழே 5 இருந்தால் அது சீன வகை. கம்பிக்குப் பத்து மணி கோத்திருப்பது வெறும் எண்ணும் சட்டம், அதுவும் நல்லதுதான், ஆனால் இதற்கு உதவாது. சூத்திரம் எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். நீங்கள் ஒரு எண் சொல்லுங்கள், அவள் மணியில் வைக்கட்டும். 6 என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று. பிறகு அவள் வைக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். நடுநடுவே நீங்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால் அவளுக்குக் குஷி தாங்காது.