மறு: கலைச்சொல் – 'நிர்ப்பந்தம்' ஒன்றே போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மருத்துவ அறவியல் சொற்பட்டியலில் 'கோயர்ஷன்' (coercion, ஒருவரை மிரட்டிப் பணியவைப்பது) என்பதற்கு 'நிர்ப்பந்தம்' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று போன மடலில் எழுதியவன் நான்தான். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இஸ்லாமியப் பார்வை பற்றிய பகுதியை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது அந்தச் சொல் காலை வாரிவிட்டது.

நடந்தது இதுதான். மதத்தில் கட்டாயம் கூடாது என்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் வசனம் குர்ஆன் 2:256, 'லா இக்ராஹ ஃபித்தீன்'. தமிழில் 'மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை' என்றுதான் பெரும்பாலும் படித்திருப்போம். பன்றி இறைச்சி முதலியவை விலக்கப்பட்டவை என்று சொல்லும் 2:173, வேறு வழியின்றி உண்டவர்மீது குற்றமில்லை என்று விதிவிலக்கும் தருகிறது. அங்கேயும் தமிழில் 'நிர்ப்பந்திக்கப்பட்டவர்' என்றே வருகிறது. அரபியில் இவை இரண்டும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. முன்னது இக்ராஹ், வெறுப்பு என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்தது. பின்னது இள்திரார், தீங்கு என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்தது. 'ளரூரத்' (தவிர்க்க முடியாத தேவை) என்று நாம் கேள்விப்படும் சொல்லும் இந்த இரண்டாம் வேரின் பிள்ளைதான்.

வேர் வேறானால் என்ன என்று கேட்கலாம். இக்ராஹ் என்றால் நெருக்குகிற ஆள் ஒருவன் இருந்தாக வேண்டும். இஸ்லாமியச் சட்ட நூல்கள், குறிப்பாக ஹனஃபி என்ற சட்டப்பிரிவின் நூல்கள், மிரட்டியவனால் மிரட்டியதைச் செய்ய முடியுமா, மிரட்டப்பட்டவர் அதை நம்பினாரா என்றெல்லாம் துருவும். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்கிற மிரட்டலுக்கு ஒரு பெயர், அதற்குக் குறைந்ததற்கு வேறு பெயர். இள்திராரில் அப்படி எந்த ஆளும் வேண்டியதில்லை. பசியும் தாகமும் நோயும் போதும். அந்த நிலையில் இருப்பவர்தான் 'முள்தர்'.

இதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்து பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. மாற்று கிடைக்காதபோது ஒரு முஸ்லிம் நோயாளி அதற்கு ஒப்புக்கொள்கிறார். அவரை யாரும் மிரட்டவில்லை, நோய்தான் நெருக்குகிறது. இன்னொருவரிடம், 'எங்கள் ஆய்வில் சேரக் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் சிகிச்சை கிடையாது' என்கிறார்கள். இரண்டையும் 'நிர்ப்பந்தத்தின்பேரில் ஒப்புதல் தந்தார்' என்று தமிழில் எழுதினால் வாசிப்பவருக்கு என்ன புரியும்? பின்னவர் தந்தது ஒப்புதலே அல்ல. முன்னவர் தந்தது முழு ஒப்புதல். நிலைமையின் நெருக்கடியே ஒப்புதலைக் கெடுக்கும் என்று வைத்துக்கொண்டால், அறுவை சிகிச்சைக்கு உலகத்தில் ஒருவர்கூடச் செல்லுபடியாகும் கையெழுத்துப் போட முடியாது. ஆசைப்பட்டா யாராவது வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார்கள்?

ஆகவே என் பரிந்துரை:

இக்ராஹ், கோயர்ஷன் – ஆள்நெருக்கு
இள்திரார் – நிலைநெருக்கு

வந்த மறுப்புகளுக்கு வருகிறேன்.

> 'வற்புறுத்தல்' என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

இன்னும் இரண்டு வாய் சாப்பிடு என்று அம்மா சொல்வதும் வற்புறுத்தல்தான். மிரட்டலுக்கு அது போதாது. 'கட்டாயம்' இன்னும் மோசம். 'கட்டாயம் வருகிறேன்' என்று நாமே மகிழ்ச்சியோடு சொல்கிறோம்.

> நிலைநெருக்குக்குக் 'கையறுநிலை' பொருந்தாதா?

அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் இலக்கணத்தில் அது மன்னனோ வள்ளலோ இறந்தபின் புலம்பும் புறத்திணைத் துறை. இன்றைய வழக்கில் செய்வதற்கு ஒன்றுமே இல்லாத நிலை. முள்தருக்குச் செய்ய ஒன்று இருக்கிறது, விலக்கப்பட்ட ஒரு கதவு அவருக்காகத் திறக்கிறது. தேவையின் அளவுக்கு மட்டும் திறக்கிறது என்பது சட்ட விதி. கையறுநிலை என்றால் அந்தக் கதவையும் சாத்திவிடுகிறோம். 'இடுக்கண்' பற்றி ஒருவர் எழுதியிருந்தார். அது எல்லாத் துன்பத்தையும் குறிக்கும், கலைச்சொல்லுக்கு வேண்டிய இறுக்கம் இல்லை.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. ஜித்தாவில் 1992-இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (சட்டவியல்) அகாடமி, மருத்துவ சிகிச்சை பற்றிய தீர்மானத்தில் ஆய்வுக்கான ஒப்புதலைப் பற்றியும் பேசுகிறது. ஒப்புதல் இக்ராஹின் கறை படியாததாக இருக்க வேண்டும், சிறைக்கைதிகளுக்கு நேர்வதுபோல ஆகிவிடக் கூடாது. ஏழைகளுக்கு நேர்வதுபோல, பொருள் ஆசைகாட்டலும் கூடாது. (அதே தீர்மானம், உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் சிகிச்சை ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றும் சொல்கிறது.) ஆசைகாட்டலுக்கு அரபியில் 'இஃக்ரா'. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளின் அறநெறி பற்றி அமெரிக்காவில் 1979-இல் வந்த பெல்மாண்ட் அறிக்கையும் மிரட்டலையும் மிகையான பரிசு காட்டுவதையும் தனித்தனியாகவே வைக்கிறது. சட்டத்தமிழின் 'தகாத செல்வாக்கு' இந்த இடத்துக்கு வழவழவென்று இருக்கிறது. 'ஆசைகாட்டல்' என்றே விட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் புதுச்சொல் செய்ய வேண்டியதில்லை.

அடுத்தது, பட்டியலில் அதிகம் சூடு கிளப்பியது.

> தஃவா என்பதற்கு 'மதமாற்றம்' என்றே போடலாமே, எதற்குப் பூசி மெழுக வேண்டும்?

பூசி மெழுகுவதில்லை. மதமாற்றம் ஒரு விளைவின் பெயர், தஃவா ஒரு செயலின் பெயர், பிறரை இஸ்லாத்துக்கு அழைப்பது. தமிழ் முஸ்லிம்கள் ஏற்கெனவே 'அழைப்புப் பணி' என்கிறார்கள், வேர்ப்பொருளும் அதுவே. 16:125 ஞானத்தோடும் அழகிய அறிவுரையோடும் அழைக்கச் சொல்கிறது. 28:56 நபியிடமே, நீர் விரும்பியவரை உம்மால் நேர்வழியில் செலுத்திவிட முடியாது என்கிறது. விளைவு அழைப்பவர் கையில் இல்லை என்றால் விளைவின் பெயரைச் செயலுக்குச் சூட்டுவது பிழை. போகாமல் இருக்க முடிந்தால்தான் அது அழைப்பு. அறவியல் பட்டியலில் நமக்கு வேண்டியதும் அந்த வரம்புதான்.

ஆனால் நண்பர் விடவில்லை.

> நபி நோயாளியின் தலைமாட்டிலேயே அழைத்திருக்கிறாரே?

ஆமாம், புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. நபிக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றான். நபி பார்க்கப் போனார், தலைமாட்டில் அமர்ந்தார், இஸ்லாத்துக்கு அழைத்தார். சிறுவன் அருகில் இருந்த தந்தையைப் பார்த்தான். 'அபுல் காசிம் (நபியின் இன்னொரு பெயர்) சொல்வதைக் கேள்' என்றார் தந்தை. சிறுவன் ஏற்றுக்கொண்டான்.

இந்தச் செய்தியை வைத்து மருத்துவரும் செவிலியரும் வார்டில் அழைப்புப் பணி செய்யலாம் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அது ஒப்பாது. போனவர் நலம் விசாரிக்க வந்தவர். மருந்தும் கத்தியும் அவர் கையில் இல்லை. சிறுவனின் பார்வை தந்தையிடம் போக இடமிருந்தது, தந்தை அங்கேயே இருந்தார். பணிவிடை செய்த பிள்ளை என்ற உறவு இருந்ததே என்று கேட்டால், சரி, இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இரவில் வலி ஊசி போட வேண்டியவரே நம்பிக்கையைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்பவர் எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்?

இந்த இடத்தில் நம் இரண்டு சொற்களும் கைவிடுகின்றன என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அந்த மருத்துவர் மிரட்டவில்லை, ஆகவே ஆள்நெருக்கு இல்லை. பணம் காட்டவில்லை, ஆசைகாட்டலும் இல்லை. நோயாளியின் நிலைநெருக்கு மட்டும் இருக்கிறது. அதை உண்டாக்கியவரும் மருத்துவர் அல்ல. ஆனால் அதன்மேல் ஏறி நிற்கிறார். இதற்கு என்ன பெயர்?

வணிகச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைக்கிறது, 'பைஉல் முள்தர்', நெருக்கடியில் இருப்பவரிடம் நடத்தும் வியாபாரம். அதைத் தடுக்கும் நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் வருகிறது. அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது, ஆனாலும் கருத்து சட்ட அறிஞர்களின் பேச்சில் நிலைத்துவிட்டது. 'எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்' என்று நாம் சொல்வதுதான். அதை வணிகத்திலிருந்து மருத்துவத்துக்கு இழுத்து வரலாம் என்பது என் எண்ணம்.

இதற்கு முதலில் 'நெருக்காதாயம்' என்று செய்து பார்த்தேன். வீட்டில் படித்துக் காட்டினால் 'நெருக்காத ஆயமா?' என்று கேட்டார்கள். அதோடு அது செத்தது. 'நெருக்கடிச் சுரண்டல்' புரிகிறது, ஆனால் 'நெருக்கடி' என்றதும் அரசியல் வாசனை வருகிறது. 'நிலைச்சுரண்டல்' என்பது இப்போதைக்கு என் கையிருப்பு. நிலைநெருக்கோடு இணைந்து வரும் என்பது அதன் வசதி. கடனின் அழுத்தத்தில் இருப்பவரிடம் அவர் சிறுநீரகத்தை விலைபேசுவதற்கும் இதே சொல் பொருந்துகிறது, அதனால் அழைப்புப் பணியை மட்டும் குறிவைத்துச் செய்த சொல் என்ற குற்றச்சாட்டும் வராது.

ஒரு சின்ன விஷயம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. 27:62-இல் 'முள்தர்' வருகிறார்: நெருக்கடியில் இருப்பவர் அழைக்கும்போது அவருக்குப் பதில் தருபவன் யார் என்பது அந்த வசனத்தின் கேள்வி. அங்கே 'அழைக்கும்போது' என்ற வினை, தஃவாவின் வேரேதான். துஆவுக்கும் (பிரார்த்தனைக்கும்) அதே வேர். நம் பட்டியலில் அழைப்பவர் ஒரு பக்கம், நோயாளி மறு பக்கம் என்று எழுதி வைத்திருக்கிறோம். அந்த வசனத்தில் அழைப்பவரே முள்தர்தான். ஆகவே 'அழைப்பு' என்ற பதிவின்கீழ், நோயாளி தாமாகக் கேட்டால் பேசுவதைத் தனி உட்பதிவாக வைக்கலாமா என்று யோசிக்கிறேன். 'கேட்டழைப்பு' என்று வாயில் வருகிறது, காதுக்குச் சரியாக இல்லை.

இரண்டு உதவிகள் தேவை. 'நிலைநெருக்கு' பெயராக நிற்கிறது. அந்த நிலையில் உள்ளவரை 'நிலைநெருக்குற்றவர்' என்றால் நாக்கு சுளுக்குகிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். அப்புறம், வார்டில் பணிபுரியும் நண்பர்கள் 'நிலைச்சுரண்டல்' என்ற சொல்லைச் சக ஊழியரிடம் விளக்கமில்லாமல் சொல்லிப் பார்த்து, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று எழுத முடியுமா? அதுவரை பட்டியலில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.