மறு: எதிரிக்குத் தண்டனை கேட்கும் விவிலியச் சங்கீதங்கள், இந்த வகைக்கு என்ன பெயர் சொல்லலாம்?

> 'சாபச் சங்கீதம்' என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

ஐயா, வேறு மாதிரி புரிந்துவிடுமே! சாபம் என்றதும் நமக்குத் துர்வாசர்தான் ஞாபகம் வருவார். அவர் வாயைத் திறந்தாலே பலித்துவிடும். சங்கீதக்காரருக்கு அந்தச் சக்தி கிடையாது. 58ஆம் சங்கீதத்தில் "தேவனே, அவர்கள் வாயிலுள்ள பற்களைத் தகர்த்துப்போடும்" என்கிறார். மனுதான் கொடுக்கிறார், தாமே கல்லை எடுக்கவில்லை. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துப் பூசுகிறவர்களும் வழக்கை அம்மனிடம் விட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள்.

'முறைவேண்டல்', அதாவது நீதி கேட்டல், நல்ல சொல். புறநானூற்றிலேயே (35) 'முறைவேண்டு பொழுது' வருகிறது. ஆனால் "என் நியாயத்தை விசாரித்து" என்று அடக்கமாகக் கேட்கும் 43ஆம் சங்கீதமும் முறைவேண்டல்தானே? 137ஆம் சங்கீதத்தின் கொதிப்பு அதில் ஏது? பாபிலோன் ஆறுகள், அழுகை என்று தொடங்குவதால் இந்த 137ஐச் சோகப்பாட்டாகவே பலரும் நினைக்கிறார்கள். பாபிலோனைப் பார்த்துச் சொல்லும் முடிவோ இப்படி: "உன் குழந்தைகளைப் பிடித்து, கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான்." அதற்கு முந்தின வசனம் 'நீ எங்களுக்குச் செய்தபடி' என்று காரணத்தையும் சொல்லிவிடுகிறது. பாபிலோனியரிடம் எருசலேம் விழுந்தபோது பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் பேச்சு இது. வெகுளி, அதாவது சினம், பிறக்கத் தொல்காப்பியம் சொல்லும் நான்கு காரணங்களில் குடிகோளும் (குடிக்குக் கேடு செய்தல்) கொலையும் இங்கே அப்படியே இருக்கின்றன.

ஆகவே என் பரிந்துரை: வெகுளி வேண்டல்.

---

> வெகுளி வேண்டல்

அம்மா, இன்றைக்கு வெகுளி என்றால் அப்பாவி! தவிர, கோபத்தைக் கொடு என்று கேட்பதுபோலவும் ஒலிக்கிறது. உங்கள் காரணத்தை அப்படியே ஏற்று, 'சினமுறையீடு' என்கிறேன். திருப்பாடல் என்பவர்களும் சங்கீதம் என்பவர்களும் தங்கள் சொல்லை அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம்.

இந்தச் சொல்லுக்கான விளக்கத்தில் இதையும் சேர்க்க வேண்டும். குருக்களும் துறவிகளும் நாள்தோறும் சொல்லும் செபநூல் 1971இல் புதுப்பிக்கப்பட்டபோது, 58, 83, 109 மூன்றையும் கத்தோலிக்கத் திருச்சபை விட்டுவிட்டது. 137இலும் கடைசி மூன்று வசனங்கள் இல்லை. எனக்கு இதில் உடன்பாடில்லை. வாய்விட்டுச் சொல்ல இடமில்லாத கோபம் வேறெங்கே போகும்?

அப்புறம் 109. அதில் 6 முதல் 19 வரை பாடகரின் சொல்லா, எதிரிகள் அவர்மேல் போட்ட சாபத்தை அவர் எடுத்துச் சொல்கிறாரா என்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதிரிகளின் சொல் என்றால் அந்தப் பகுதிக்குச் 'சாபம்' என்பதே சரி. பதிவில் அதைத் தனியாகக் காட்டிவிடுவோம்.