கேமரா பையில் ஒரு நாவல்: களியக்காவிளைப் பக்கத்துக் கல்யாணங்கள்

வேலைக்குப் போன இடத்தில் சந்தித்த, மனதைவிட்டுப் போகாத மனிதர்களைப் பற்றி ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். என் பங்கையும் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கல்யாணங்கள், நான் படித்த நாவல்கள், எனக்கு நிச்சயமான கதை என்று மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று கிடக்கிறது. பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறைக்குப் பக்கம். ஏழு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். பெண் என்பதால் விடியற்காலை நாலு மணிக்கே பெண்ணுக்கு அலங்காரம் செய்யும் அறைக்குள் போய்விடலாம். அதனாலேயே கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை வந்தது. ஒரு வாரம் தக்கலையில் தாலிகட்டு, அடுத்த வாரம் நெய்யாற்றின்கரையில் தேவாலயக் கல்யாணம், அதற்கடுத்து தேங்காப்பட்டணத்தில் நிக்காஹ். ஆடியில் இந்து வீடுகளில் கல்யாணம் கிடையாது. மலையாளக் கணக்கில் அது கர்க்கடகம், அங்கேயும் கிடையாது. தவக்காலத்தில் கத்தோலிக்க வீடுகளில் இல்லை. இந்த இடைவெளிகளில்தான் ஆல்பம் வேலையை முடிப்பேன், நாவலும் படிப்பேன்.

முகூர்த்த நாள் என்றால் இரண்டரைக்கு எழுந்துவிடுவேன். ஸ்கூட்டரில் போகும்போது ரோட்டில் ஆள் இருக்காது. ரப்பர் தோட்டங்களுக்குள் மட்டும் பால் வெட்டுகிறவர்களின் நெற்றி விளக்கு மரத்துக்கு மரம் நகர்ந்து போகும். என் அப்பாவும் அந்த வேலை செய்தவர்தான். அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் எனக்குப் பயம் போய்விடும். பையில் இரண்டு கேமரா, 35, 85, 70-200 என்று மூன்று லென்ஸ், பேட்டரி, கார்டு, ஒரு டப்பா ஊக்கு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு நாவல். எங்கள் ஊருக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் உறை இல்லாமல் புத்தகம் எடுத்துப் போக முடியாது. ஊக்கு என்னத்துக்கு என்று கேட்காதீர்கள். கடைசி நிமிடத்தில் முந்தானை நழுவாத கல்யாணத்தை நான் பார்த்ததில்லை.

பெண்ணுக்கு மேக்கப் முடிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வளையல், மாலை, புடவை என்று தனித்தனியாக எடுக்க வேண்டியதை முதல் அரை மணியில் எடுத்துவிட்டால், பிறகு காத்திருப்புதான். அப்போது மாடிப்படியில் உட்கார்ந்து படிப்பேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் அப்படிப் படித்தது நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’. 1977இல் வந்த நாவல். படித்துப் பட்டம் வாங்கிய ஏழை வீட்டுப் பையன் சிவதாணு, வசதியான வீட்டுப் பெண் பார்வதியைக் கட்டுகிறான். அதற்குமுன் மாப்பிள்ளை என்றால் எனக்குப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள், அவ்வளவுதான். பெண்ணை எடுத்த படம் ஐந்நூறு இருந்தால் அவனை எடுத்தது ஐம்பது இருக்கும். அந்த நாவலுக்குப் பிறகு மண்டபத்துக்குப் போனதும் மாப்பிள்ளையின் அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று முதலில் தேட ஆரம்பித்தேன். சம்பந்தி வீட்டார் வசதியானவர்களாக இருந்தால் அந்த அம்மா முன்வரிசைக்கு வரமாட்டாள். மூன்றாவது நாலாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் இருப்பாள். மாலை மாற்றும்போது எல்லாக் கேமராவும் மணமேடையைப் பார்க்கும், ஒன்று மட்டும் அந்த நாற்காலியைப் பார்க்கும். இதை எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித் தரவில்லை.

சரி, ஆட்களைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

போன வருடம் பாறசாலையில் ஒரு கல்யாணம். தாலிகட்டு முடிந்து முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. போளியும் பால்பாயசமும் போகிற நேரத்தில் கேமராவுக்கு வேலை இல்லை. சாப்பிடுகிறவர்களை எடுத்தால் யாருக்கும் பிடிக்காது, நானும் எடுப்பதில்லை. வெளியே தூண் ஓரமாக உட்கார்ந்து சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யைத் திறந்தேன். இரண்டாம் பந்திக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எண்பதை நெருங்கும் வயது. அட்டையைப் பார்த்துவிட்டு, “இத நான் மலையாளத்துல வாசிச்சிருக்கேன் மக்களே” என்றார். ஆற்றூர் ரவிவர்மா மலையாளத்தில் மொழிபெயர்த்த புத்தகம் அவர் வீட்டில் இருந்ததாம்.

நாகர்கோவில்காரர் எழுதிய தமிழ் நாவலை, விளவங்கோடு தாலுகாவில் பிறந்த ஒருவர் ஏன் மலையாளத்தில் படித்தார் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் முழுவதையும் எழுத இங்கே இடம் போதாது. 1956 நவம்பர் 1ஆம் தேதி அவர் நாலாம் வகுப்பில் இருந்தார். அன்றுதான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலும் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றுவிட்டது. அதற்கு முந்தின வருடம்தான் அவருடைய அக்காவைப் பாறசாலையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரே ராஜ்யத்துக்குள் பக்கத்து ஊருக்குக் கட்டிக் கொடுத்த பெண், அடுத்த வருடம் வேறு மாநிலத்துக்காரி. “அக்கா எங்கயும் போகல்ல, கோடுதான் நடுவுல வந்து விழுந்துது” என்றார். அக்காவுக்குத் துணையாக இவரும் இங்கே வந்து படித்தார், வேலை பார்த்தார், இங்கேயே இருந்துவிட்டார். வீட்டில் பேச்சு தமிழ், எழுத்து மலையாளம்.

கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் ஒரே ஒரு முறை கையைத் தூக்கி, “இந்த வார்த்தை அதுல இல்ல” என்றார். நாகர்கோவில் பேச்சு வழக்கில் வரும் ஒரு சொல் அது. அதை இரண்டு மூன்று முறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் என் பேர், வீடு, அப்பா யார் என்றெல்லாம் விசாரித்தார். கல்யாண வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் கேட்பதுதானே என்று சொல்லிவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய அக்கா பேரனுக்காக எங்கள் வீட்டுக்கு ஆள் வந்தது.

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா என் வேலையைப் பற்றித்தான் கேட்டார்கள். “ராத்திரி ரெண்டரைக்கு ஒத்தைக்கா ஸ்கூட்டர்ல போவ?” ஆமாம் என்றேன். என் அம்மாவுக்கு அங்கேயே முகம் வாடிவிட்டது. அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஹெட்லைட் நல்லா எரியுமா?” என்று கேட்டார்கள். எனக்கு அந்த வீடு பிடித்துப்போனது அந்தக் கேள்வியால்தான். ஆனியில் நிச்சயதாம்பூலம் நடந்தது, தை மாதம் கல்யாணம்.

மாப்பிள்ளை கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறார். மலையாளத்தில் நிறையப் படிப்பவர். தமிழ் எழுத்து தெரியும், ஆனால் பஸ் போர்டு படிக்கிற வேகம்தான். எனக்கு மலையாளம் பேச்சாக முழுதும் புரியும், எழுத்தாக ஒன்றும் தெரியாது. ஆடியில் வேலை இல்லாத நேரம், இரண்டு பேரும் ஒரே நாவலை அவரவர் எழுத்தில் படிக்கலாம் என்று முடிவு செய்தோம். தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ அவருக்கு, சுந்தர ராமசாமியின் தமிழ் மொழிபெயர்ப்பு எனக்கு. மாவட்டம் பிரிந்த அதே 1956இல் வந்த நாவல் அது. பெரியவரிடம் இதைச் சொன்னபோது நீண்ட நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

தினமும் ராத்திரி போனில் பேசுவோம், பேச்சு பெரும்பாலும் நாவலைப் பற்றித்தான். கதாநாயகி கறுத்தம்மா, அவள் நேசித்த பரீக்குட்டி இரண்டு பேரிடமும் எங்களுக்குச் சண்டை இல்லை. அவளைக் கட்டிய பழனியிடம்தான் வந்தது. யாருமில்லாமல் வளர்ந்தவன், கடலைத் தவிர ஒன்றும் தெரியாதவன், ஊர்ப்பேச்சால் அவனைத் தோணியில் சேர்க்காமல் தள்ளிவைக்கிறார்கள், அவன் என்னதான் செய்வான் என்று அவர் பழனிக்காகப் பேசினார். என்னால் கல்யாண அத்தியாயத்தைத் தாண்டிப் போகவே முடியவில்லை. கல்யாண நாளில், பெண் வீட்டில், கறுத்தம்மாவின் அம்மா சக்கி மயங்கி விழுகிறாள். அம்மாவைப் படுக்கையில் விட்டுவிட்டுப் பெண் புருஷனோடு புறப்பட வேண்டியிருக்கிறது. நூற்றுக்கணக்கான கல்யாணம் பார்த்தவள் நான். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

ஆவணி பிறந்ததும் கடற்கரைக் கிராமம் ஒன்றில் கல்யாணம். மீன்பிடிக்கிற குடும்பம், கத்தோலிக்கர்கள். விடியற்காலையில் பெண்ணை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா, அண்ணன், சித்தி, மாமி என்று எல்லோரும் வரிசையாக வந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வேறு நாளாக இருந்தால் எனக்குத் தோன்றியிருக்காது. அன்றைக்கு, “அம்மா எங்கே?” என்று கேட்டுவிட்டேன். அறையில் பேச்சு நின்றது. பின்பக்க அறையில் அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தார்கள். தேவாலயத்துக்கு வர முடியாது. நல்ல நாளில் சங்கடமாக இருக்கும் என்று, அவர்களைப் படமெடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பெண்ணிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனேன். அம்மாவுக்குத் தலைசீவிப் பூ வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் வாய் கோணியிருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தது. கேமராவைத் தூக்கியதும் கையை அசைத்தார்கள். “என்னைய எடுக்காண்டாம் மக்களே. நான் இஞ்ச கெடந்து எனக்க பிள்ளையப் பாக்குதேன். அத எடு.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, அவர்கள் தலையணைக்குப் பக்கத்தில் என் தலையை வைத்துக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் ஒரு கதவு, அதற்கு அப்பால் கூடத்தில் நிற்பவர்களின் முதுகுகள். பெண் தெரியவில்லை. 85 லென்ஸுக்கு மாற்றினேன், ஃபிளாஷ் போடவில்லை, ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். அம்மா மூச்சு விடுவது காதில் கேட்டது. ஐந்தாறு நிமிடம் இருக்கும். சித்தியின் தோளுக்கும் மாமியின் தோளுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டது. பெண் திரும்பி இந்தக் கதவைப் பார்த்தாள். மூன்று தடவை ஷட்டரை அழுத்தினேன். “கிட்டிச்சா?” என்றார்கள். பின்திரையில் காட்டினேன். எதுவும் சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

தொழில்முறையில் பார்த்தால் அது நல்ல படம் இல்லை. முக்கால்வாசி முதுகுகள், இருட்டு, நடுவில் ஒரு முகம். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்தபோது பெண்ணின் அண்ணன் அதை ஒதுக்கிவைக்கப் போனார். பெண் அதை எடுத்து, 12க்கு 36 அங்குலத் தாள் முழுவதும் இந்த ஒரு படம் போதும், பக்கத்தில் வேறு எதுவும் வேண்டாம் என்றாள். அப்படியே போட்டுக் கொடுத்தேன். அதை எங்கிருந்து எடுத்தேன் என்று அண்ணனுக்குப் பெண்தான் விளக்கினாள், நான் பேசவில்லை.

அன்று ராத்திரி அவரிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் பேச்சில்லை. கடைசியில், “நான் இன்னொரு தடவை அந்த அத்தியாயத்த வாசிக்கேன்” என்றார். பழனிக்காகப் பேசுவதை விடவில்லை, அது வேறு விஷயம்.

என் கல்யாணத்துக்கு யார் படம் எடுப்பது என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தீர்கள். என்னோடு வீடியோ எடுக்கும் தோழிதான். நிச்சயத்தன்றும் அவள்தான் எடுத்தாள். முதல்முறையாகக் கேமராவுக்கு முன்னால் நின்றபோது கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. இத்தனை வருடமாக எத்தனையோ பெண்களிடம் “இயல்பா நில்லுங்க” என்று சொல்லியிருக்கிறேன், இனி அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். பெரியவர் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். தோவாளைப் பூ வந்து இறங்கும்போது என் அப்பா தனியாக நின்று எண்ணிப் பார்ப்பார், அதையும்.

இப்போது முறை மாறியிருக்கிறது. நான் மலையாள எழுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். ட, ழ போன்ற எழுத்துகளைப் பார்த்தால் நம் வீட்டுப் பிள்ளைகள் வேறு சட்டை போட்டு வந்த மாதிரி இருக்கிறது, கூட்டெழுத்துகள்தான் பாடுபடுத்துகின்றன. அவர் தமிழில் முழுதாகப் படிக்கும் முதல் நாவலாக ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ கொடுத்தேன். 1964இல் வந்தது, எங்கள் பக்கத்துப் பனங்காட்டுக் கதை, பேச்சும் எங்கள் பேச்சு. அதனால் எழுத்துக்கூட்டிப் படித்தாலும் காதில் விழுந்ததும் அவருக்குப் புரிந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு மூன்று பக்கம். வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள்ளேயே இருத்திவிட்ட லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜ், இரண்டு பேரும் அவருக்கு அடுத்த வீட்டு ஆட்கள் ஆகிவிட்டார்கள். நேற்று வங்கியிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு, லிஸிக்குக் கல்யாணம் நடக்குமா நடக்காதா, அத மட்டும் சொல்லு என்றார்.

நான் சொல்லவில்லை. தைக்குள் முடித்துவிடுவார். படித்தவர்கள் யாரும் இங்கே எழுதிவிடாதீர்கள், அவரும் இதை வாசிப்பார், மெதுவாக.