சமாரியர் யூதரிடமிருந்து எப்போது பிரிந்தார்கள்? கெரிசீம் மலை அகழாய்வு பற்றி

மறைநூல் மாணவர் (கேள்வி)

சமாரியர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் பைபிளின் 2 இராஜாக்கள் 17ஆம் அதிகாரத்தையே காட்டுகிறோம். அசீரியர் வட இஸ்ரவேலரைச் சிறைபிடித்துப் போய், பாபிலோன், கூத்தா முதலிய இடங்களின் மக்களை அங்கே குடியேற்றினார்கள். அந்தக் கலப்பில் பிறந்ததே சமாரிய மதம் என்பது அதன் சாரம். சமாரியரின் புனித இடமான கெரிசீம் மலையில் நடந்த அகழாய்வுக்குப் பின் ஆய்வாளர் பலர் இதை அப்படியே ஏற்பதில்லை என்று படித்தேன். அங்கே கிடைத்தது என்ன? அதைக் கொண்டு எந்த அளவுக்கு முடிவு கட்டலாம்?

பழஞ்சுவடி

தொல்லியலாளர் இட்சாக் மாகென் 1982இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே அகழாய்வு நடத்தினார். மகா அலெக்சாண்டரின் காலத்தில், அதாவது கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில், சமாரியாவின் ஆளுநர் சன்பல்லாத்து கெரிசீமில் கோயிலைக் கட்டினான் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் எழுதியதையே அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். மட்பாண்டங்கள், நாணயங்கள், கரிமக் காலக்கணிப்பு ஆகியவற்றைக் கொண்டு, புனித வளாகத்தின் முதல் கட்டம் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்று மாகென் நிறுவினார். அது யூதேயாவின் ஆளுநர் நெகேமியாவின் காலம். எருசலேமின் மதில் எழும்பிய அதே தலைமுறையில் கெரிசீமிலும் பலிகள் நடந்தன என்றால், பின்னாளில் பிரிந்துபோனவர்கள் போட்டிக்காகக் கட்டிய கோயில் என்ற பழைய சித்திரம் ஆட்டம் காண்கிறது.

அங்கே கிடைத்த ஏறத்தாழ 400 கல்வெட்டுத் துண்டுகளில் பெரும்பாலானவை அரமேய மொழியில் அமைந்த காணிக்கைக் கல்வெட்டுகள். அவற்றில் வரும் ஆட்பெயர்களில் பல யூதேயாவிலும் வழங்கியவை. எனக்கு இன்னும் வலுவாகத் தோன்றும் சான்று எகிப்தின் எலிபண்டைன் தீவிலிருந்து வருகிறது. அங்கிருந்த யூதர் இடிக்கப்பட்ட தம் கோயிலை மீண்டும் கட்ட உதவி கேட்டு கி.மு. 407இல் யூதேயாவின் ஆளுநருக்கு எழுதிய மடலில், சமாரியாவின் ஆளுநரான சன்பல்லாத்தின் மக்கள் தெலாயாவுக்கும் செலேமியாவுக்கும் எழுதியிருப்பதாகவும் குறிப்பிடுகிறார்கள். அவ்விரு பெயர்களும் யெகோவாவின் பெயரைத் தாங்கியவை. சமாரியரை அந்நியர் என்று அந்த யூதர் கருதியிருந்தால் அவர்களிடம் ஏன் உதவி கேட்க வேண்டும்?

ஓலைவாசி

ஒரு எச்சரிக்கை. மலையில் கிடைத்தவை சுற்றுமதில், வாயில்கள், பலியிட்ட விலங்குகளின் எலும்பு கலந்த சாம்பல் ஆகியவையே. கோயில் கட்டடம் நின்ற இடத்தில் அது அகப்படவில்லை. பைசாந்தியப் பேரரசர் சேனோ கி.பி. 484இல் கட்டிய எண்கோணத் தேவாலயத்தின் இடிபாடுகள் அந்த உச்சியில்தான் இருக்கின்றன. ஆகவே, முதல் கட்டத்தில் அங்கே இருந்தது கோயிலா, திறந்தவெளிப் பலிபீடமா என்ற விவாதத்துக்கு இடம் இருக்கிறது. 2 இராஜாக்கள் 17ஐ முழுக்கப் புனைவு என்று தள்ளவும் கூடாது. அசீரிய அரசன் இரண்டாம் சர்கோன் தன் கல்வெட்டில் சமாரியாவிலிருந்து 27,290 பேரைக் கொண்டுபோனதாகக் கூறுகிறான். குடிபெயர்ப்பு நடந்தது உண்மை, ஆனால் அந்த எண் ஒரு நாடு முழுவதையும் வெறுமையாக்கப் போதாது.

உபாகமம் 27:4ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலிபீடத்துக்குரிய மலை எபிரேய மூலத்தில் ஏபால். சமாரியரின் ஐந்நூலில் (மோசேயின் ஐந்து நூல்களில்) கெரிசீம். இதைச் சமாரியர் செய்த திருத்தம் என்றே முன்பு கருதினார்கள். சமாரியரோடு தொடர்பில்லாத ஒரு பழைய லத்தீன் கைப்பிரதியிலும் கெரிசீம் என்றே இருப்பதால், மாற்றம் எருசலேம் தரப்பில் நிகழ்ந்திருக்கலாம் என்று இப்போது பலர் வாதிடுகிறார்கள். ஆயினும் கெரிசீமில் பலிபீடம் கட்ட வேண்டும் என்பதைப் பத்துக் கட்டளைகளில் பத்தாவதாகச் சேர்த்தது சமாரியரின் கைவேலையே.

மறைநூல் மாணவர்

அப்படியானால் பிரிவு எப்போது முற்றியது?

பழஞ்சுவடி

கி.மு. 110ஐ ஒட்டி யூதேயாவை ஆண்ட தலைமை ஆசாரியர் ஜான் ஹிர்கானஸ் அந்தக் கோயிலையும் நகரையும் அழித்ததைத்தான் நான் திருப்புமுனையாகக் கொள்வேன். கிரேக்கத்தின் தேலோஸ் தீவில் கண்டெடுக்கப்பட்டு 1982இல் வெளியான இரண்டு கிரேக்கக் கல்வெட்டுகளில், புனித கெரிசீமுக்குக் காணிக்கை அனுப்பியவர்கள் தங்களை இஸ்ரவேலர் என்றே குறிப்பிடுகிறார்கள். இரு தரப்புக்கும் பொதுவான ஐந்நூலும் ஏறக்குறைய அந்தக் காலம் வரை ஒரே மரபாக வளர்ந்திருப்பதைச் சாக்கடலருகே கிடைத்த கும்ரான் சுவடிகளில் காண்கிறோம்.

ஓலைவாசி

ஆண்வழி மரபணுவில் சமாரியர் யூத ஆசாரியக் குடும்பங்களுக்கு நெருக்கமானவர்கள் என்று 2004இல் வெளிவந்த ஆய்வை இணையத்தில் பலர் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்காட்டுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருநூறுக்கும் கீழே குறைந்து, நெருங்கிய உறவிலேயே மணம் செய்துவந்த ஒரு சமூகத்தின் மரபணுவை வைத்து கி.மு. எட்டாம் நூற்றாண்டைப் பற்றி அறுதியிட்டுச் சொல்ல நான் துணியமாட்டேன். கல்வெட்டுகளுக்குத் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.