‘ஃபார்முலா யூனிட்’: அலகா, கூறா?

மடல் 1
நண்பர்களே, அணுக்களை எண்ணும் பயிற்சித்தாள் நாளை அச்சுக்குப் போகிறது. ‘ஒரு மோல் அலுமினியம் சல்பேட்டில் எத்தனை மூலக்கூறுகள்?’ என்று வரைவில் இருக்கிறது (மோல் என்பது 6.022 × 10²³ துகள்கள் கொண்ட அளவு). பிழை. அயனிப் படிகத்தில் தனித்தனி மூலக்கூறு ஏது? வாய்பாட்டில் உள்ளபடி அமைந்த மிகச்சிறிய அயனித் தொகுப்பைக் குறிக்கும் ‘ஃபார்முலா யூனிட்’டுக்கு ‘வாய்பாட்டு அலகு’ என்று போட்டுவிடலாமா?

மடல் 2
வேண்டாம் ஐயா. மோலே ஓர் அலகு. ‘0.5 மோலில் எத்தனை அலகுகள்’ என்றால் மாணவர் 0.5 என்றே எழுதுவார். ‘வாய்பாட்டுக் கூறு’ எனலாம். மூலக்கூறுக்கு இணையாக நிற்கும். கணக்கில் வைத்துப் பாருங்கள். அலுமினியம் சல்பேட்டின் வாய்பாடு Al₂(SO₄)₃. ஒரு கூறு என்பது அலுமினியம் 2, கந்தகம் 3, ஆக்சிஜன் 12, ஆக 17 அணுக்கள். அரை மோல் என்றால் 8.5 மோல் அணுக்கள், 6.022 × 10²³ ஆல் பெருக்க, 5.12 × 10²⁴. சறுக்கும் இடம் அடைப்புக்குறிதான். வெளியே நிற்கும் 3-ஐக் கந்தகத்தோடு நிறுத்திவிட்டு ஆக்சிஜனை 4 என்றே விடுவார்கள். 17 என்பது 9 ஆகிவிடும்.

மடல் 3
‘மூலக்கூறுக்கு’, ‘மூலக்கூறில்’ என்பதே வழு. நெடில்தொடர்க் குற்றியலுகரம் வேற்றுமையில் இரட்டிக்கும்: ஆறு, ஆற்றில், சோறு, சோற்றில். ‘வாய்பாட்டு’ என்று முதற்சொல்லில் இரட்டித்துவிட்டு அடுத்த சொல்லில் விட்டுவிடுவது என்ன முறை? ‘வாய்பாட்டுக்கூற்றில்’ என்றே எழுத வேண்டும். ‘மோல்’ மட்டும் ஏன் அப்படியே கிடக்கிறது? பேரெண்ணுக்குத் தமிழில் பெயரா இல்லை? பரிபாடலில் நெய்தல், குவளை, ஆம்பல், வெள்ளம் எல்லாம் எண்களாக வருகின்றனவே. ஆம்பலை எடுத்துக்கொள்ளலாம்.

மடல் 4
ஆம்பலின் மதிப்பு இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மோலோ 2019 மே 20 முதல் துல்லியமாக 6.02214076 × 10²³. அதை விடுங்கள். ‘கூற்று’ என்றதும் தேர்வெழுதுபவருக்கு ‘கூற்று, காரணம்’ வினாதான் நினைவுக்கு வரும். இலக்கியம் படித்தவருக்கு எமன். இலக்கணம் சரி, ஆனால் வினாத்தாளில் பொருள் மாறிவிடும்.

மடல் 5 (மடல் 1 எழுதியவர்)
அப்படியானால் ஒருமையில் ‘இல்’ உருபே வராமல் வாக்கியத்தை அமைத்துவிடுகிறேன்: ‘ஒரு வாய்பாட்டுக் கூறு = 17 அணுக்கள்’, ‘கூறுகளின் எண்ணிக்கை’. நால்வர் இதற்கு ஒப்புதல் தந்திருக்கிறார்கள். இரவுக்குள் வேறு சொல் வராவிட்டால் இதுவே அச்சுக்குப் போகும்.

மடல் 6
என் மறுப்பையும் பதிவு செய்யுங்கள். அடுத்த வினா மயில்துத்தம் (CuSO₄·5H₂O). அங்கே ஒரு வாய்பாட்டுக் கூறுக்குள் 5 நீர் மூலக்கூறுகள், மொத்தம் 21 அணுக்கள். கூறுக்குள் மூலக்கூறு என்றால் எதை எண்ணுவது என்று மாணவர் தடுமாறுவார். நடுப்புள்ளியைப் பெருக்கல் குறி என்று எடுப்பவர்கள் வேறு உண்டு. ‘அலகு’ என்றே இருந்தால் இந்த இடத்திலாவது குழப்பம் இல்லை.

மடல் 7
‘கூறுக்குள்’ அன்று, ‘கூற்றுக்குள்’.