கலைச்சொல்: 'பார்லிமென்டரி அசெம்பிளி' – நாடாளுமன்றமா, பேரவையா?

அன்புள்ள குழுவினருக்கு,

நேட்டோ (வட அட்லாண்டிக் ராணுவக் கூட்டணி) நாடுகளின் எம்.பி.க்கள் கூடும் 'பார்லிமென்டரி அசெம்பிளி'க்குச் சொல் வேண்டும். 'நேட்டோ நாடாளுமன்றம்' என்று எழுதிவிடலாம், ஆனால் தவறு. அது சட்டம் இயற்றுவதில்லை. நேட்டோவைத் தோற்றுவித்த 1949 உடன்படிக்கையில் அதற்கு இடமும் இல்லை. நேட்டோவிலிருந்து விலகி நிற்கும் தனி அமைப்பு. 32 நாடுகளின் நாடாளுமன்றங்கள் தத்தம் உறுப்பினர்களிலிருந்து மொத்தம் 281 பேரை அனுப்புகின்றன. அமெரிக்காவுக்கு 36 இடம், லக்சம்பர்க்குக்கு 3.

என் முன்மொழிவு: நாடாளுமன்றப் பேரவை. 'டெலிகேஷன்' (ஒரு நாட்டிலிருந்து வரும் உறுப்பினர் குழு), 'ராப்போர்ட்டர்' (அறிக்கை எழுதி முன்வைக்கும் உறுப்பினர்) இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாம்.

—

> என் முன்மொழிவு: நாடாளுமன்றப் பேரவை.

'பேரவை' சரி, முன்னால் நிற்பதுதான் இடிக்கிறது. 'சட்டமன்றப் பேரவை' கேட்டுப் பழகிய காது, இதையும் ஏதோ ஒரு நாட்டு நாடாளுமன்றத்தின் உள்ளே இருக்கும் அவை என்றே எடுத்துக்கொள்ளும். 'நாடாளுமன்ற உறுப்பினர் பேரவை' என்றால் கூடுவது யார் என்பது தெளிவு. நீளம்தான். ஆனால் 1955இல் தொடங்கியபோது அதன் பெயரே 'நேட்டோ நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர் மாநாடு' என்ற பொருளில்தான் இருந்தது. 1966இல் வட அட்லாண்டிக் பேரவை ஆனது. இன்றைய பெயர் 1999இல் வந்தது.

சொல்லைச் சோதிக்க பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரம் நல்ல இடம். 1979 முதல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐரோப்பிய நாடாளுமன்றம் அங்கே கூடுகிறது. ஒன்றியத்தைச் சேராத மனித உரிமை அமைப்பான கவுன்சில் ஆஃப் யூரோப்பின் பார்லிமென்டரி அசெம்பிளியும் அதே ஊரில்தான். இரண்டையும் 'நாடாளுமன்றம்' என்று எழுதினால் செய்தி படிப்பவர் தொலைந்தார். (அந்தக் கவுன்சிலையும், ஒன்றிய நாட்டுத் தலைவர்கள் கூடும் ஐரோப்பியக் கவுன்சிலையும் பிரித்துக் காட்டுவதற்குத் தனி இழையே வேண்டும்.)

டெலிகேஷனுக்குத் 'தூதுக்குழு' வேண்டாம். தூது அனுப்புவது அரசு. இந்த அமைப்பில் அமைச்சராக இருப்பவர் இடம்பெற முடியாது; கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப எதிர்க்கட்சியினரும் வருவார்கள். ஒரே நாட்டிலிருந்து வந்த இருவர் எதிரெதிராக வாக்களிக்கலாம். ஆகவே பேராளர், பேராளர் குழு.

ராப்போர்ட்டரை 'செய்தியாளர்' என்று எழுதுவது பெரும்பிழை. அவரும் பேரவையின் துறைக் குழுக்களில் (கமிட்டி) ஒன்றின் உறுப்பினரே. வசந்தகாலக் கூட்டத்தில் வரைவு அறிக்கையை வைப்பார். விவாதத்துக்குப் பின் திருத்தி, ஆண்டின் பிற்பகுதியில் நடக்கும் ஆண்டுக் கூட்டத்தில் குழுவின் ஏற்பைப் பெறுவார். இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் ஐ.நா.வின் 'ஸ்பெஷல் ராப்போர்ட்டர்' பதவிக்கு 'விசேட அறிக்கையாளர்' என்று எழுதுகின்றன. அதையே எடுத்துக்கொள்வோம்.

—

> அதையே எடுத்துக்கொள்வோம்.

ஐயா, தமிழ்நாட்டில் 'அறிக்கை' என்றால் கட்சித் தலைவர்கள் நாள்தோறும் விடுவதுதான் நினைவுக்கு வரும்! 'அறிக்கை வரைவாளர்' என்று ஒருமுறை விரித்து எழுதி, பிறகு சுருக்கலாமா? வரைவதோடு அவர் வேலை முடிவதில்லை என்பது எனக்கும் தெரியும்.

இன்னொன்று. அறிக்கையைத் துறைக் குழு 'ஏற்கும்'. தீர்மானத்தை முழு அமர்வு 'நிறைவேற்றும்'. ஐந்து துறைக் குழுக்களில் ஒன்று ஏற்ற அறிக்கையை 'பேரவை நிறைவேற்றியது' என்று எழுதினால், 281 பேரின் முடிவு போல ஆகிவிடும். தீர்மானமுமே நேட்டோவையோ அரசுகளையோ கட்டுப்படுத்தாது. இவ்விரு வினைகளும் பதிவில் இருக்கட்டும்.

—

வரைவாளர் வேண்டாம், செயலகத்தில் உட்கார்ந்து எழுதும் பணியாளர் என்று ஆகிவிடும். அறிக்கையாளரே இருக்கட்டும். பதிவு இப்படி:

நாடாளுமன்ற உறுப்பினர் பேரவை (இலங்கை வழக்கு: பாராளுமன்ற உறுப்பினர் பேரவை). எடுத்துக்காட்டு: 'பேராளர் குழுத் தலைவர் கேட்டதற்கு, அறிக்கையாளர் இரண்டாம் பத்தியைத் திருத்த ஒப்புக்கொண்டார்.'

நேட்டோவில் சேராமலே பேரவையில் பங்கேற்கும் 'அசோசியேட்' நாடுகளுக்கு 'இணை உறுப்பினர்' போடலாம் என்றால், 'இணை' சமநிலையையும் குறிக்குமே. 'சார்பு' என்றால் அடிமைப்பட்ட தொனி. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.