இழை: கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்த நேரத்துக்குத் தமிழில் என்ன சொல்வது?

திண்டுக்கல், தொழிற்பயிற்சி ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். கணினிப் பழுதுபார்ப்பு மாணவர்களுக்காக யுபிஎஸ் (கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து கணினியை ஓட்டும் பெட்டி) பற்றி ஆறு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் முட்டி நிற்கிறேன்.

கரண்ட் போனதும் யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் 'டக்'கென்று பேட்டரிப் பக்கம் தாவுகிறது. சாதாரண யுபிஎஸ்ஸில் இதற்கு ஏறத்தாழ 4 முதல் 10 மில்லிநொடி ஆகும். அதுவரை கணினி தன் எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி) உள்ள பெரிய மின்தேக்கியின் (கபாசிட்டர்) இருப்பை வைத்துத்தான் ஓட்டுகிறது. நல்ல எஸ்எம்பிஎஸ் முழுச்சுமையிலும் 16 மில்லிநொடி அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். மின்தேக்கி கிழடாகிவிட்டால் பிடிக்காது. ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் கணினி ரீஸ்டார்ட் ஆகும், வாடிக்கையாளர் யுபிஎஸ்ஸைத் திட்டுவார், நம் பையன்கள் பேட்டரியை மாற்றிவிட்டு வருவார்கள். மறுநாளும் அதே புகார்.

கணினி தாக்குப்பிடிப்பதற்குத் 'தாங்குநேரம்' என்று போட்டுவிட்டேன். ரிலே தாவுவதற்கு 'மாற்று நேரம்' என்று எழுதினால், "வேற டைமா மேடம்?" என்று கேட்கிறாள் ஒரு மாணவி. மாற்றுச் சாவி, மாற்று மருத்துவம் என்று பழகிய காது.

சென்னை, ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:

'கைமாற்று நேரம்' என்று வையுங்கள் அம்மா. சுமை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. சொல்லும்போதே படம் தெரிகிறது.

மதுரை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, எங்கள் ஊரில் கைமாத்து என்றால் கடன். "மாசக் கடைசி, ஒரு ஐந்நூறு கைமாத்து கிடைக்குமா?" வகுப்பே சிரிக்கும்.

சென்னை, ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:

சிரிக்கட்டும், மறக்காது. கடன்தானே அது? கரண்ட் இல்லாதபோது பேட்டரி கொடுக்கிறது, வந்தபின் சார்ஜாக வாங்கிக்கொள்கிறது. மாரிக்குக் கைம்மாறு வேண்டாம் என்கிறது குறள், சரி. பேட்டரிக்கு வேண்டும்!

தஞ்சாவூர், தமிழாசிரியர்:

கைம்மாறு வேறு, கைமாற்று வேறு. குழப்ப வேண்டாம். இங்கே கேள்வி அளவைப் பற்றியது. எழுத்தொலியின் கால அளவுக்கு மாத்திரை என்று பெயர்; கண்ணிமைப்பதும் கைந்நொடிப்பதும் ஒரு மாத்திரை என்கிறார் தொல்காப்பியர். இமைப்புக்கு எப்படியும் 100 மில்லிநொடி ஆகும். அப்படியானால் மெய்யெழுத்தின் அரை மாத்திரை 50, மகரக்குறுக்கத்தின், அதாவது சில இடங்களில் குறுகி ஒலிக்கும் 'ம்' எழுத்தின், கால் மாத்திரை 25. இந்த ரிலே மகரக்குறுக்கத்தையும் முந்திவிடுகிறது! நம் இலக்கணம் கண்ட மிகச்சிறிய ஒலியளவுக்கும் கீழே நிற்கிறது. ஆகவே 'மின்குறுக்கம்' என்பது என் துணிபு.

திண்டுக்கல், தொழிற்பயிற்சி ஆசிரியை:

ஐயா, ரசித்துப் படித்தேன். ஆனால் பாடத்தில் ஷார்ட் சர்க்யூட்டைக் குறுக்குச்சுற்று என்கிறோம். மின்குறுக்கம் என்றால் பையன்கள் ஃபியூஸைத் தேடிப் போவார்கள்.

சென்னை ரிச்சி தெரு, கணினிப் பழுது கடை:

எல்லாரும் சேஞ்ச் ஓவர் டைம் என்றுதான் சொல்கிறோம். ஜெனரேட்டர் வைத்த கல்யாண மண்டபத்து வாட்ச்மேனுக்கும் சேஞ்ச் ஓவர் தெரியும். அதையே எழுதினால் என்ன?

மேடம், சொல் எதுவானாலும் சோதனையை எழுதுங்கள். யுபிஎஸ்ஸில் 60 வாட் குண்டு பல்பை மட்டும் மாட்டி, சுவரில் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பல்பு செத்தால் யுபிஎஸ் பக்கம் கோளாறு. எரிந்தால் அடுத்து வேறொரு நல்ல கணினியை மாட்டுங்கள். அது ஓடி, பழைய கணினி மட்டும் விழுந்தால் எஸ்எம்பிஎஸ்தான். புதிதாகக் கிராபிக்ஸ் கார்டு போட்டார்களா என்றும் கேளுங்கள், சுமை கூடினால் தாக்குப்பிடிப்பது குறையும். பிளக்கை மட்டும் பிடுங்க விடாதீர்கள். எர்த்தும் சேர்ந்து போய்விடும், கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும்.

யாழ்ப்பாணம், மென்பொருள் தமிழாக்குநர்:

எர்த்துக்கு எங்கட பாடப்புத்தகத்தில் புவித்தொடுப்பு என்ற நல்ல சொல் இருக்கிறதே அண்ணா. மின்தேக்கியையும் நாங்கள் கொள்ளளவி என்றுதான் படித்தோம். இரண்டு கரைக்கும் ஒரே சொல் வர ஒரு தனி இழை தொடங்கினால் என்ன?

மதுரை, மொழிபெயர்ப்பாளர்:

அந்த இழை போன வருடமும் தொடங்கினோம், 140 மடல் போனது. இப்போது வேண்டாம், திங்கட்கிழமை வருகிறது. சேஞ்ச் ஓவரை அப்படியே வைத்தால் தாங்குநேரத்தோடு ஜோடி சேராது. பாடத்தின் உயிரே அந்த ஒப்பீடுதான். 'மாறுக்கணம்' எப்படி?

தஞ்சாவூர், தமிழாசிரியர்:

வினைத்தொகையில் வல்லினம் மிகாது தம்பி. ஊறுகாய் என்கிறோமா, ஊறுக்காய் என்கிறோமா? ஒற்றை எடுத்தாலும் ஒரு தொல்லை இருக்கிறது. மாறுகணம் என்பதை வேகமாகப் படித்தால் மாறுகண் ஆகிவிடும். பேசாமல் மாறுநேரம் என்று வையுங்கள். ரிலே மாற்றுகிறது, சுமை மாறுகிறது. நாம் அளப்பது சுமையின் பக்கத்திலிருந்து என்பதால் தன்வினையே பொருந்தும். மின்குறுக்கத்தை நான் இன்னும் கைவிடவில்லை.

திண்டுக்கல், தொழிற்பயிற்சி ஆசிரியை:

'மாறுநேரம் தாங்குநேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.' கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன், யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஆன்லைன் யுபிஎஸ்ஸில் இன்வெர்ட்டர் எப்போதுமே ஓடிக்கொண்டிருப்பதால் மாறுநேரம் பூஜ்யம் என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். முதல் இடத்தில் 'கடைகளில் சேஞ்ச் ஓவர் டைம் என்பார்கள்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். பல்புச் சோதனைக்கு அண்ணனுக்கு நன்றி.

சென்னை, ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:

அச்சுக்குப் போனது போகட்டும். என் ஓட்டு இன்னும் கைமாற்றுக்கே. பதிவுக்காகச் சொல்கிறேன்.

தஞ்சாவூர், தமிழாசிரியர்:

அது சரி, 'தாங்குநேரம்' என்பதை யார் ஒப்புக்கொண்டது?